வீட்டுப் பட்டறை உலைக்கு லைனிங் பொருள் வாங்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறிய கேஸ் உலை வைத்திருக்கிறேன். கத்தியும் சிறிய அரிவாளும் அடிக்க அது போதும். உலையின் இரும்புக் கூட்டை வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் முடித்துவிட்டேன். உள்ளே ஒட்டுகிற, வெப்பம் தாங்கும் லைனிங் பொருள்களை வாங்கத்தான் நான்கு மாதம் பிடித்தது. இரண்டு முறை தவறான பொருளை வாங்கிக் காசைத் தொலைத்தேன். சில கடைகளில் "ஒண்ணு ரெண்டெல்லாம் கொடுக்கறதில்லீங்க" என்ற பதிலோடு திரும்பினேன்.

அந்த நான்கு மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். பொருள் நம் ஊரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் எல்லாம் ஃபவுண்டரிக்கும் (உலோக வார்ப்பாலை) பாய்லருக்கும் போகிற சரக்கு. என்ன பெயரில், எந்த எண்ணில், எவ்வளவு என்று தெரிந்து கேட்டால் கிடைக்கும். "உலைக்கு உள்ளே வைக்க ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் கையில் இருப்பதைத் தள்ளிவிடுவார்கள். நான் அப்படித்தான் கேட்டேன். நீங்கள் அப்படிக் கேட்காமலிருக்க இதை எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் அளவுக் கணக்கு

கேஸ் உலைக்கு உள்ளே பொதுவாக இரண்டு அடுக்கு வேண்டும். வெப்பம் வெளியே போகாமல் தடுக்க செராமிக் ஃபைபர் பிளாங்கெட். கடைகளில் இதைச் செராமிக் வூல் என்றும், வெறுமனே பிளாங்கெட் என்றும் சொல்வார்கள். பார்க்க வெள்ளைப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். அதன் மேல், நெருப்பு நேரே படும் பக்கத்தில், கேஸ்டபிள் பூச்சு. இது சிமென்ட் மாதிரித் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுகிற தூள். இவை தவிர, உலையின் வாயை அடைக்க நாலைந்து ஃபயர் பிரிக்ஸ், அதாவது வெப்பம் தாங்கும் செங்கல்.

என் உலையையே கணக்காகச் சொல்கிறேன். உள்விட்டம் 30 செ.மீ., நீளம் 38 செ.மீ. அதில் 25 மி.மீ. பிளாங்கெட் இரண்டு சுற்று. முதல் சுற்றுக்கு 94 செ.மீ., இரண்டாவதற்கு 79 செ.மீ. என மொத்தம் 173 செ.மீ. நீளம். பின்பக்கச் சுவருக்கு 30 செ.மீ. சதுரத்தில் இரண்டு துண்டு. ரோலின் அகலம் 61 செ.மீ. என்பதால் அந்த இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஆக, ரோலில் சுமார் 2 மீட்டர் நீளம் போதும். வெட்டுச் சேதாரம் சேர்த்து இரண்டேகால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

25 மி.மீ. தடிமனில் ஒரு முழு ரோல் பெரும்பாலும் 7.62 மீட்டர் நீளம் வரும். அதாவது ஒரு ரோல் மூன்று சிறிய உலைக்குக் காணும். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் முதல் மாதமே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாங்கியிருப்பேன்.

கேஸ்டபிளுக்கும் இதே மாதிரிதான். இரண்டு சுற்று பிளாங்கெட் போட்ட பிறகு 20 செ.மீ. விட்டம் மிஞ்சும். அதில் 12 மி.மீ. கனத்துக்குப் பூச 6 கிலோ, பின்சுவருக்கு 1 கிலோ, தரையைக் கொஞ்சம் தடிமனாகப் போட 2 கிலோ. சிந்திச் சிதறுவது சேர்த்துப் பத்துக் கிலோ. ஆனால் மூட்டை 25 கிலோ அல்லது 50 கிலோவாகத்தான் வரும். அதை என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

2. பெயரும் எண்ணும்: இதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்

பிளாங்கெட் வாங்கும்போது மூன்று எண் சொல்ல வேண்டும். வெப்ப கிரேடு, அடர்த்தி, தடிமன்.

கிரேடு 1260 என்றால் 1260 டிகிரி செல்சியஸ் வகை. அது உச்ச வரம்பு. தொடர்ந்து எரிக்கும்போது அதைவிட நூறு டிகிரிக்கு மேல் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாகக் கத்தி அடிக்க, மேலே கேஸ்டபிள் பூசி, 1260 வகையே போதும். இரும்பை இரும்போடு பற்றவைக்கும் வேலை அடிக்கடி செய்வீர்கள் என்றால் உலை 1250 டிகிரியைத் தாண்டும். அதற்கு ஜிர்கோனியா கலந்த 1425 அல்லது 1430 வகை வேண்டும். அதன் விலை நன்றாகவே கூடுதல்.

அடர்த்தி 64, 96, 128, 160 என்று வரும். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பொருள். உலைக்கு 128 கேளுங்கள். 64 விலை மலிவு, ஆனால் தொளதொளவென்று இருக்கும். பூச்சு அதன் மேல் நிற்காது.

செங்கல்லில் இரண்டு சாதி. ஒன்று கனமான ஃபயர் பிரிக். 230 × 115 × 75 மி.மீ., அதாவது 9 × 4½ × 3 அங்குலம். ஒரு கல் நான்கு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். இதில் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 6 நடுத்தர வெப்பத்துக்கு, ஐ.எஸ். 8 அதிக வெப்பத்துக்கு. ஐ.எஸ். 8 கேளுங்கள். கல்லிலேயே அச்சுக் குத்தியிருக்கும். இன்னொன்று இன்சுலேஷன் பிரிக். எடை பாதிக்கும் குறைவு, ரம்பத்தால் அறுக்கலாம். இதிலும் ஹாட் ஃபேஸ், கோல்ட் ஃபேஸ் என்று இரண்டு உண்டு. கோல்ட் ஃபேஸ் கல் நெருப்புக்குப் பின்னால் வைக்கிற கல். அதை நெருப்புப் பக்கம் வைத்தால் சுருங்கி உதிர்ந்துவிடும். விலைப்பட்டியலில் வெறுமனே "இன்சுலேஷன் பிரிக்" என்று போட்டிருந்தால் எது என்று கேட்டே ஆக வேண்டும். 23 வகை என்றால் 1260 டிகிரி, 26 என்றால் 1430 டிகிரி வரை.

முழு உலையையும் கனமான ஃபயர் பிரிக்கால் கட்டலாமே என்று தோன்றும். கட்டலாம், விலையும் குறைவு. ஆனால் அந்தக் கல் முதலில் தான் சூடாகி முடித்த பிறகுதான் இரும்பைச் சூடாக்க விடும். கல்லில் மிச்சம் பிடித்த காசு கேஸில் போய்விடும். கனமான கல்லை வாசலுக்கும் தரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்டபிளில் கேட்க வேண்டியது அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) சதவீதம். 45, 60, 90 என்று பல வகை உண்டு. 60 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். பழைய கடைக்காரர்கள் வொயிட்ஹீட், அக்கோசெட் என்று பிராண்ட் பெயராலேயே பேசுவார்கள். அக்கோசெட் என்பது செங்கல் ஒட்டுகிற சாந்து, பூசுகிற கேஸ்டபிள் அல்ல. பெயர் கேட்டுத் தலையாட்டிவிட்டு மாற்றி வாங்கிவிடாதீர்கள். இன்சுலேட்டிங் கேஸ்டபிள் என்று எடை குறைந்த மூட்டை ஒன்றும் இருக்கும். அதுவும் நெருப்பு நேரே படும் பக்கத்துக்கு ஆகாது. "டென்ஸ் கேஸ்டபிள்" என்று சொல்லிக் கேளுங்கள்.

அலுமினா ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெண்காரத்தால். பற்றவைக்கும்போது இரும்பின் மேல் தூவும் வெண்காரம் உருகித் தரையில் சொட்டும். வெறும் பிளாங்கெட் மேல் விழுந்தால் வெல்லப்பாகில் தண்ணீர் விட்ட மாதிரி கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். என் முதல் உலையின் தரையில் ஒரே மாலையில் விரல் நுழையும் ஓட்டை விழுந்தது. அலுமினா கூடக் கூட அந்த அரிப்பு குறையும்.

3. யாரிடம் கேட்பது

இரும்புக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் அலைந்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். அவர்களிடம் இது இருக்காது. இருக்கிறது என்று சொன்னால் அங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில் ரிஃப்ராக்டரி டீலர்கள், அதாவது வெப்பம் தாங்கும் பொருள்களை விற்பவர்கள். கோவையில் ஃபவுண்டரிகள் அதிகம் என்பதால் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ வட்டாரத்தில் விசாரித்தால் பெயர்கள் வரும். சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு. திருச்சியில் துவாக்குடி. ராணிப்பேட்டையில் முருகப்பா மார்கன் தெர்மல் செராமிக்ஸ் செராமிக் ஃபைபர் தயாரிக்கிறது. கார்போரண்டம் யுனிவர்சலின் ரிஃப்ராக்டரி ஆலையும் அங்கேதான். ஆலையில் நேரடியாக ஒரு ரோல் கேட்டு நிற்பதைவிட, "கோவைக்கு உங்கள் டீலர் யார்?" என்று கேட்டு, அந்த டீலரைப் பிடிப்பது சுலபம்.

இரண்டாவது, பாய்லர் லைனிங் கான்ட்ராக்டர்கள். என் சிக்கல் தீர்ந்தது இவர்களிடம்தான். திருப்பூர், ஈரோடு, பெருந்துறை சாயப்பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் பாய்லர் உண்டு. அவற்றுக்கு உள்ளே கல் கட்டுவதும் பிளாங்கெட் ஒட்டுவதும் இவர்கள் வேலை. ஒவ்வொரு வேலை முடியும்போதும் பிரிக்காத அரை ரோல், உடைந்த மூட்டை, பத்து இருபது கல் மிஞ்சும். அதைக் கட் பீஸாகவோ லூஸிலோ கொடுப்பார்கள். அந்தப் பக்கம் ஆலையில் வேலை செய்யும் ஒருவரைத் தெரிந்தால், "பாய்லருக்கு லைனிங் யாருங்க செய்யறாங்க?" என்று கேளுங்கள். ஒரே போனில் வேலை முடியும்.

மூன்றாவது, இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் (மெழுகு மாதிரி வைத்து அச்சு செய்து உலோகம் வார்ப்பது) ஆலைகளுக்குச் சரக்குப் போடுகிறவர்கள். இவர்களைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளாங்கெட்டை இறுகச் செய்ய கொலாய்டல் சிலிக்கா என்ற பால் மாதிரித் திரவம் வேண்டும். பூச்சின் மேல் கடைசியாகப் பூச ஜிர்கான் மாவு நல்லது. வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கு விலை உயர்ந்த டப்பாக்களைக் காட்டுவார்கள். இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்கில் அச்சுக்கூடு செய்வதே கொலாய்டல் சிலிக்காவையும் ஜிர்கான் மாவையும் வைத்துத்தான். ஜிர்கானுக்கான மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலேயே எடுக்கப்படுகிறது. கொலாய்டல் சிலிக்காவைப் பெரிய கேனில் விற்பார்கள். கேனோடு போய் இரண்டு லிட்டர் கேட்டால் பலர் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு சிறிய உலைக்கு அது போதும்.

புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இருப்பவர்கள் அங்கே மட்பாண்டம் சுடுகிற கலைஞர்களிடம் கேட்கலாம். சூளைத் தட்டு என்று அவர்கள் பயன்படுத்தும் பலகை, உடைந்த துண்டாகக் கிடைத்தாலும் உலைத் தரைக்கு அருமையாகப் பொருந்தும்.

இணையத்தில் சிறு துண்டுகளாக விற்பவர்களும் உண்டு. சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ரோல் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். ஒரே ஒரு சிறிய உலை, கூட்டு சேர ஆளில்லை, அலையவும் நேரமில்லை என்றால் அதுவும் சரிதான். மொத்த வியாபாரத் தளங்களில் உங்கள் எண்ணைப் பதிந்தால் ஒரு வாரத்துக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். குஜராத்தின் மோர்பி, வாங்கானேர் பக்கமிருந்து மிகக் குறைந்த விலை சொல்வார்கள். கல்லுக்கு லாரி வாடகை சேர்த்ததும் அந்த லாபம் போய்விடும். கல்லையும் கேஸ்டபிளையும் நூறு கிலோமீட்டருக்குள் வாங்குங்கள். பிளாங்கெட் மட்டும் தூரத்திலிருந்து வந்தாலும் கட்டுப்படியாகும்.

4. போனில் எப்படிக் கேட்பது

"வீட்டுக்கு, ஒரு சின்ன உலைக்கு" என்று ஆரம்பித்தால் பாதிப்பேர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார்கள். நான் கடைசியில் இப்படிக் கேட்கப் பழகினேன்:

"வணக்கம் சார். 1260 கிரேடு, 128 டென்சிட்டி, 25 எம்.எம். பிளாங்கெட் ஒரு ரோல் ரெடி ஸ்டாக் இருக்குங்களா? 60 பெர்சென்ட் டென்ஸ் கேஸ்டபிள் ஒரு மூட்டை. ஐ.எஸ். 8 கல் ஆறு. நானே வந்து எடுத்துக்கறேங்க. ஜி.எஸ்.டி. சேர்த்து எவ்வளவு வரும்?"

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. எண் சொன்னால் விஷயம் தெரிந்தவர் என்று மதிப்பார்கள். "ரெடி ஸ்டாக்" கேட்கவில்லை என்றால், இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். "நானே எடுத்துக்கறேன்" என்றால் அவர்களுக்கு அனுப்பும் தொல்லை இல்லை, சிறிய ஆர்டரும் பிடிக்கும்.

லூஸில் கேட்பதாக இருந்தால் காலையில் போன் செய்யாதீர்கள். லோடு ஏற்றும் நேரம் அது. மதியம் மூன்று மணிக்கு மேல் பேசினால் நின்று பதில் சொல்வார்கள்.

5. பில், வரி, பணம் கட்டுவது

"ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாமல் பில் போட முடியாது" என்று இரண்டு இடத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அது உண்மையல்ல. பதிவு செய்யாத தனிநபருக்கும் அவர்கள் பில் போடலாம். பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும். இதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் போட்டுவிடுகிறார்கள். பிளாங்கெட், கல், கேஸ்டபிள் மூன்றுக்கும் நான் கட்டியது 18 சதவீதம். போனில் சொல்லும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. இன்னொருவரின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கடன் வாங்கிப் பில் போடாதீர்கள். அவருடைய கணக்கில் தேவையில்லாத வில்லங்கம்.

முன்பணம் அனுப்புமுன் ஒரு ஐந்து நிமிடச் சோதனை. விலைப்பட்டியலில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள். உள்நுழையாமலே பார்க்கலாம். எண் 15 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. நிறுவனப் பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். பணம் கேட்கும் வங்கிக் கணக்கும் அதே நிறுவனப் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் பெயருக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அப்படி அனுப்பிய 2,500 ரூபாய் திரும்பவே இல்லை.

விலைப்பட்டியலோடு பிளாங்கெட்டுக்கும் கேஸ்டபிளுக்கும் டேட்டா ஷீட் (பொருளின் விவரத் தாள்) கேளுங்கள். ஒரு மூட்டைக்குத் தனியாகச் சோதனைச் சான்று தர மாட்டார்கள். ஆனால் அந்தத் தொகுதிக்கு ஆலை கொடுத்த டி.சி. (சோதனைச் சான்று) நகல் டீலரிடம் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்கத் தேவையில்லை.

நான் வாங்கிய விலை, ஒரு அளவுக்குத் தெரிவதற்காக: ரோல் வரியோடு 3,300 ரூபாய். மூன்று பேர் பிரித்தபோது எனக்கு 1,100. கேஸ்டபிள் 25 கிலோ மூட்டை 1,475. கல் ஆறுக்கு 350 சுற்றி. கொலாய்டல் சிலிக்கா இரண்டு லிட்டர் 250. ஆட்டோவும் பார்சலும் 400. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேல். தனியாக ரோல் எடுத்திருந்தால் ஐயாயிரத்து எழுநூறைத் தாண்டியிருக்கும். விலை இடத்துக்கு இடம் மாறும். குறைந்தது மூன்று இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. வாங்கும் இடத்திலேயே சோதிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். என் காசு போனது இங்கேதான்.

பிளாங்கெட்டை எடை போடுங்கள். 7.62 மீட்டர், 61 செ.மீ., 25 மி.மீ. ரோல் 128 அடர்த்தி என்றால் 15 கிலோ சுற்றி இருக்க வேண்டும். 96 என்றால் 11 கிலோ. 64 என்றால் ஏழரை. அட்டைப் பெட்டியில் 128 என்று அச்சடித்திருந்ததை நம்பி நான் வாங்கிய முதல் ரோல் வீட்டுத் தராசில் 11 கிலோ காட்டியது. பில்லில் அடர்த்தியை எழுதி வாங்காததால் போய்க் கேட்கவும் முடியவில்லை. பில்லில் கிரேடும் அடர்த்தியும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

நிறத்தைப் பாருங்கள். செராமிக் பிளாங்கெட் சுத்த வெள்ளை. மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கிளாஸ் வூல். பச்சையும் பழுப்பும் கலந்திருந்தால் ராக் வூல். இரண்டும் ஏ.சி. குழாய்க்கும் கூரைக்கும் போடுகிறவை. "எல்லாம் ஒரே வூல்தாங்க" என்று சொல்லி எனக்கு ஒரு கடையில் ராக் வூலைக் கொடுத்தார்கள். உலையைப் பற்றவைத்துப் பத்து நிமிடத்தில் உள்ளே குழைந்து தொங்கியது. சந்தேகமிருந்தால் விரல்நீளத் துண்டை வாங்கி, நகைப் பட்டறையிலோ ஏ.சி. மெக்கானிக்கிடமோ இருக்கும் டார்ச்சைக் காட்டிப் பாருங்கள். செராமிக் சிவந்து, ஆறியதும் அப்படியே வெள்ளையாக இருக்கும். மற்றவை சுருண்டு கண்ணாடி மாதிரி உருகிவிடும்.

செங்கல்லில் பெரிய ஏமாற்று, சேம்பர் செங்கல்லை ஃபயர் பிரிக் என்று விற்பது. ஓரம் கூர்மையாக, நல்ல சிவப்பாக, அழகாகவே இருக்கும். ஆனால் அது வீட்டுச் சுவருக்கான கல். உலையில் வைத்தால் வெடித்துச் சில்லுத் தெறிக்கும். ஃபயர் பிரிக் வெளிர் மஞ்சளாகவோ மங்கிய பழுப்பாகவோ இருக்கும். கையில் தூக்கினால் நல்ல கனம் தெரியும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல்.

கேஸ்டபிள் மூட்டையில் தயாரித்த தேதி பார்க்காமல் வாங்கவே கூடாது. அதில் சிமென்ட் கலந்திருப்பதால் ஆறு மாதம்தான் அதன் ஆயுள். மூட்டையை நாலு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் வேண்டாம். அரை விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் கிடங்கில் கிடந்த மூட்டையானால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

7. இவற்றை மட்டும் வாங்காதீர்கள்

பழைய பிளாங்கெட். ஃபர்னஸ் பிரிக்கும்போது கழற்றிய பஞ்சைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் விற்கிறார்கள். 900, 1000 டிகிரிக்கு மேல் எரிந்த செராமிக் நார், கிறிஸ்டபலைட் என்ற படிகச் சிலிக்காவாக மாறத் தொடங்கும். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் சிலிக்கோசிஸ் வரும், புற்றுநோயும் வரலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பழைய கல் வாங்கலாம். பழைய பஞ்சு கூடவே கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் மில்போர்டு அட்டையும் ஹார்டுவேர் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. "ஹீட்டுக்கு இதுதாங்க" என்று எடுத்து வைப்பார்கள். தொடாதீர்கள்.

கோவை ஃபவுண்டரிகளில் ராமிங் மாஸ் என்ற தூள் மூட்டை மூட்டையாக இருக்கும், மிக மலிவு. அது இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்குள் இடித்து இறுக்கி, அங்கேயே சுட்டு எடுக்கிற பொருள். நம் உலைச் சுவரில் ஒட்டாது. சேலத்து மேக்னசைட் கல்லும் அப்படித்தான். வெண்காரத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சட்டென்று சூடேற்றி ஆற்றினால் வெடித்துப்போகும். நம் உலை தினமும் அப்படித்தானே சூடேறி ஆறுகிறது?

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் கலந்து உலை செய்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அலுமினியம் உருக்க இரண்டு முறை தாங்கலாம். இரும்பு வெப்பத்துக்கு மாவாக உதிர்ந்துவிடும். சாதாரண சிமென்ட்டும் அதே கதைதான்.

8. வீட்டுக்குக் கொண்டு வருவது

ஒரே ஊருக்குள் என்றால் குட்டியானை வண்டியோ ஆட்டோவோ போதும். வெளியூர் என்றால் பார்சல் சர்வீஸ். பிளாங்கெட் எடை குறைவு, இடம் அதிகம். அதனால் எடைக்கு அல்ல, அளவுக்குத்தான் கட்டணம் போடுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்.ஆர். (லாரி ரசீது) நகலை அன்றே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் கிளை அலுவலகத்தில் சரக்கைக் கொடுக்க மாட்டார்கள். "டூ பே" என்றால் எடுக்கும்போது வாடகையை நீங்கள் கட்ட வேண்டும்.

இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேலும் இருந்தால்தான் அது. நமக்குப் பில் நகல் ஒன்று வண்டியோடு இருந்தால் போதும்.

கல்லைப் பார்சலில் போடுவதாக இருந்தால் வைக்கோலோ அட்டையோ இடையில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். எனக்கு வந்த ஆறில் இரண்டு ஓரம் உடைந்து வந்தது. அதற்குப் பிறகு நேரில் போய்த்தான் எடுக்கிறேன்.

9. எத்தனை நாள் ஆகும்

விசாரித்து முடிவு செய்ய ஒரு வாரம். ஸ்டாக் இருந்தால் சரக்கு வர இரண்டு மூன்று நாள். ஆலையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று வாரம். பொங்கல், ஆயுத பூஜை வாரங்களில் போன்கூட எடுக்க மாட்டார்கள். மார்ச் கடைசியிலும் கணக்கு முடிக்கிற அவசரத்தில் சிறிய ஆர்டரைக் கவனிக்க ஆளிருக்காது.

கையில் வந்த பிறகும் பத்து நாள் ஒதுக்குங்கள். பிளாங்கெட்டை ஒட்டிக் கொலாய்டல் சிலிக்கா தெளித்து இறுக விட ஒரு நாள், காய ஒரு நாள். அது காயாமல், இறுகாமல் நேரே கேஸ்டபிள் பூசினால், பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பூச்சு வலுவில்லாமல் போகும். கேஸ்டபிளைக் குடிதண்ணீரில் குழையுங்கள், உப்புத் தண்ணீர் வேண்டாம். எவ்வளவு தண்ணீர் என்பது மூட்டையிலோ டேட்டா ஷீட்டிலோ இருக்கும். அதை எடை போட்டு ஊற்றுங்கள். கை பூச வசதியாக இருக்கட்டும் என்று கூட ஊற்றினால் பலம் போய்விடும். பூசியபின் ஈரத்துணி போட்டு மூடி 24 மணி நேரம். அப்புறம் நிழலில் இரண்டு மூன்று நாள். அப்புறம் உள்ளே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு ஒரு இரவு. பிறகு மிகச் சிறிய தீயில், விட்டு விட்டு, இரண்டு நாள். அவசரப்பட்டு முழுத் தீ வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மழைக்காலத்தில் இந்த நாள்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பிளாங்கெட்டைக் கையாளும் நேரம் முழுக்க என்-95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி. மூக்கில் கட்டுகிற துண்டு எதையும் தடுக்காது. வெட்டுவதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பின்னால் என்றாவது லைனிங்கைப் பிரிக்க நேர்ந்தால், நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பிரியுங்கள்.

10. மிஞ்சியதை என்ன செய்வது

25 கிலோ மூட்டையில் உலைக்குப் பத்துக் கிலோ போனால் பதினைந்து கிலோ கேஸ்டபிள் மிஞ்சும். முடிந்தால் வாங்கும்போதே பங்குக்கு ஆள் பிடியுங்கள். இல்லையென்றால் அன்றே அதில் ஒரு பகுதியைக் குழைத்து, தரைக்கு மாற்றுப் பலகைகளாக அச்சில் ஊற்றி வைத்துவிடுங்கள். தரைதான் முதலில் அரித்துப்போகும். நான் தகர டின்னில் 25 மி.மீ. கனத்துக்கு நான்கு பலகை ஊற்றி வைத்தேன். இதுவரை இரண்டைப் பயன்படுத்திவிட்டேன். மீதித் தூளை பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மூடி இறுகும் வாளியில் போட்டு, மூட்டையிலிருந்த தயாரிப்புத் தேதியை வெளியே எழுதி ஒட்டுங்கள். மிஞ்சிய பிளாங்கெட்டைத் தடித்த பையில் சுருட்டிக் கட்டி, எலி போகாத இடத்தில் வையுங்கள். எலி கடித்துப் பரப்பினால் அந்த அறை முழுக்க நார் பறக்கும்.